பழைய பெடல்களின் விலை – கடிதம்

வணக்கம் அண்ணா,

டொரொண்டோவில் இருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் இருந்து கிட்டார் வாசிக்கிறேன், தொழிலாக இல்லை, வார இறுதியில் நண்பர்களோடு. 2021-இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில் பாஸ் கம்பெனியின் டிஎம்-2 டிலே பெடல் ஒன்றை (கிட்டார் ஒலிக்கு எதிரொலி சேர்க்கிற, காலால் அமுக்குகிற சின்னப் பெட்டி) நல்ல விலை கொடுத்து வாங்கினேன். 1982-இல் செய்தது என்றார் விற்றவர். இன்று அதே பெடல் நான் கொடுத்ததைவிடக் குறைவாக விற்பனைக்கு வருகிறது. கல்லூரி நாளில் சல்லிக்காசுக்கு வாங்கிய டிஜிடெக் பேட் மங்கி ஓவர்டிரைவோ (ஒலியைக் கரகரப்பாக்குகிற பெடல்) 2023-இல் திடீரென்று பல நூறு டாலருக்குப் போனது, விற்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் இறங்கியும் விட்டது.

நண்பர் ஒருவர் இரண்டையும் விற்றுவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு, ஐபனீஸ் கம்பெனியின் பழைய ஓவர்டிரைவ் பெடலான டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்808 ஒன்றை வாங்கி வைக்கச் சொல்கிறார். அதில் இருக்கிற சிப் இனி கிடைக்காது, அதனால் விலை இறங்கவே இறங்காது என்கிறார். உண்மையா? இந்த விலைகள் எதை வைத்து ஏறி இறங்குகின்றன? இன்னொன்று, புது பவர் சப்ளை மாற்றியதில் இருந்து டிஎம்-2-இன் சிவப்பு விளக்கு மங்கலாக எரிகிறது. பழுதாகிவிட்டது என்றால் இருக்கிற விலையும் போய்விடுமே என்று பயமாக இருக்கிறது.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த விளக்கு. பெடலில் புது 9 வோல்ட் பேட்டரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள், விளக்கு நன்றாக எரிந்தால் பெடலுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து பாஸ் பெடல்கள் பல ஏசிஏ என்ற அடாப்டருக்காகச் செய்தவை. அந்த அடாப்டர் 9 வோல்ட்டைத் தாண்டித்தான் கொடுக்கும், அதைக் குறைத்துக்கொள்ள பெடலுக்குள்ளேயே ஏற்பாடு இருக்கும். இன்றைய பவர் சப்ளை சரியாக 9 வோல்ட் கொடுக்கிறது, பெடல் பழைய வழக்கப்படி அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறது, விளக்கு மங்குகிறது, ஒலியும் தெம்பில்லாமல் வருகிறது. பெடலில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள், ஏசிஏ என்று இருந்தால் இதுதான் விஷயம். நல்ல பவர் சப்ளைகள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு ஸ்விட்ச் உண்டு. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: 'விளக்கு மங்கல், ரிப்பேர் பார்க்க வேண்டியிருக்கும்' என்று எழுதி நல்ல பெடலைப் பாதி விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள், விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். நீங்கள் அப்படி விற்றுவிடக் கூடாது.

இப்போது விலைக்கு வருகிறேன். பழைய பெடல் ஒன்றுக்கு ஒரே நேரத்தில் இரண்டு விலை இருக்கிறது, வாசிக்கிறவர் கொடுக்கும் விலை, சேர்த்து வைக்கிறவர் கொடுக்கும் விலை. வாசிக்கிறவருக்கு அந்த ஒலி வேண்டும், அது வேறு எங்கேயாவது மலிவாகக் கிடைத்தால் போய்விடுவார். சேர்த்து வைக்கிறவருக்கு அந்தப் பொருளே வேண்டும், அட்டைப்பெட்டி, காகிதம், ஜப்பானில் செய்தது என்கிற லேபிள், கீறல் இல்லாத பெயின்ட் எல்லாம் வேண்டும். இரண்டு பேரும் ஒரே பெடலைத் துரத்துகிற வருடங்களில் விலை எகிறும், வாசிக்கிறவர் விலகிக்கொண்டதும் இறங்கும். நீங்கள் கேட்ட ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

உங்கள் டிஎம்-2-ஐயே எடுத்துக்கொள்வோம். 1981-இல் வந்து 1984-இல் நின்றுபோன பெடல். அதற்குள் இருப்பது பிபிடி என்ற வகைச் சிப். ஊரில் தீப்பிடித்தால் கிணற்றில் இருந்து வரிசையாக நின்று குடம் குடமாகத் தண்ணீரைக் கைமாற்றுவார்களே, அப்படி ஒலியைச் சிறு சிறு மின்னூட்டங்களாக ஒரு கட்டத்தில் இருந்து அடுத்த கட்டத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். ஆரம்பகால டிஎம்-2-களில் இருந்த மட்சுஷிட்டாவின் எம்என்3005 சிப்பில் இப்படி 4096 கட்டங்கள். கைமாறுகிற வழியில் கொஞ்சம் சிந்தும், சிப்பின் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் ஃபில்டர்களும் கூர்மையைக் குறைக்கும், அதனால்தான் எதிரொலி ஒவ்வொரு முறையும் கூர்மை இழந்து இருண்டுகொண்டே போகிறது. 1983-இல் அதே பாஸ் டிடி-2 என்ற டிஜிட்டல் டிலேயைக் கொண்டுவந்தது. சுத்தமான எதிரொலி, நீண்ட நேரம். எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள், அனலாக் டிலேக்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. பல வருடம் கழித்து அந்த இருட்டுதான் வேண்டும் என்று கிட்டார்காரர்கள் திரும்பி வந்தபோது பெடல் தயாரிப்பில் இல்லை, எம்என்3005-உம் இல்லை. விலை ஏறியது நியாயம்தான். அந்த ஒலிக்கு அன்று வேறு வழி குறைவு.

அப்புறம் 2014-இல் பாஸ் தானே டிஎம்-2டபிள்யூ என்று அனலாக் பெடலாகவே அதை மறுபடி செய்தது, மற்ற கம்பெனிகளும் பிபிடி டிலேக்களைக் கொண்டுவந்தன. வாசிக்கிறவருக்கு வழி திறந்துவிட்டது. 2021-இல் நீங்கள் கொடுத்தது அசாதாரணமான ஒரு நேரத்தின் விலை. கச்சேரி இல்லை, பயணம் இல்லை, எல்லோர் கையிலும் நேரம், அமெரிக்காவில் அரசு அனுப்பிய நிவாரணப் பணம் வேறு, உட்கார்ந்த இடத்தில் இருந்து வாங்கக்கூடிய பொருள் எல்லாமே ஏறியது. அது இறங்கத்தான் செய்யும். இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

ஜப்பானையும் மறக்கக் கூடாது. இந்தப் பெடல்களில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை, அங்கே உள்ள செகண்ட் ஹேண்ட் கடைகளில் இன்னமும் நல்ல நிலையில் கிடைக்கின்றன. 2022-இல் இருந்து யென் சரிந்துகொண்டே வந்து 2024-இல் ஒரு டாலருக்கு 160 யென்னைத் தொட்டது. டாலரில் வாங்குகிறவருக்கு அது பெரிய தள்ளுபடி. அதே அமெரிக்கா 800 டாலருக்குள் வரும் பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் கடைசியில் எடுத்துவிட்டது, அங்கே இருப்பவர்களுக்குக் கணக்கு மறுபடி மாறியது. பெடலில் ஒரு ஸ்க்ரூகூட மாறாமல் விலை மட்டும் இப்படி ஆடும்.

பேட் மங்கி கதை இதற்கு நேர் எதிர். அது 2004 வாக்கில் மலிவுப் பெடலாக வந்தது, ஆயிரக்கணக்கில் விற்றது. அரிதே இல்லை. 2023 தொடக்கத்தில் ஜேஎச்எஸ் பெடல்ஸ் நிறுவனத்தின் ஜாஷ் ஸ்காட் தன் யூடியூப் வீடியோவில் அதைக் க்ளான் சென்டார் மாதிரி விலையுயர்ந்த ஓவர்டிரைவ்களோடு சேர்த்து வைத்து, நாப்களைத் திருப்பி ஏறக்குறைய ஒரே ஒலி வரவைத்துக் காட்டினார். மலிவுப் பெடலை வைத்துக்கொண்டே நன்றாக வாசிக்கலாம் என்பதுதான் அதில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. நடந்தது என்னவென்றால் மறுநாளில் இருந்தே அந்த மலிவுப் பெடலுக்குப் பல நூறு டாலர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ கைக்காசில் வாங்கக்கூடிய நல்ல ஓவர்டிரைவ் ஒன்று சில மாதங்களுக்கு அவர்கள் கைக்கு எட்டாமல் போனது, அதுவும் அது மலிவானது என்று காட்டிய காரணத்துக்காகவே.

கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு என்பதையும் அந்தச் சமயத்தில் பார்க்க முடிந்தது. இசைக் கருவிகளை வாங்கி விற்கும் ரிவெர்ப் தளத்தில் ஒருவர் 800 டாலர் என்று போட்டால் அது அவருடைய ஆசை, அவ்வளவுதான். அங்கேயே விலை வழிகாட்டிப் பகுதியில் உண்மையில் கைமாறிய விலை இருக்கும், ஈபேயிலும் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். வாங்கினாலும் விற்றாலும் அதை மட்டும் பாருங்கள்.

க்ளான் என்றதும் ஞாபகம் வருகிறது. பாஸ்டன் பக்கம் பில் ஃபினெகன் 1994-இல் இருந்து ஏறக்குறைய தனியாளாகச் செய்த பெடல் அது, சுமார் 8000 மட்டும். கடைசிக் காலத்தில் புதிதாக 329 டாலர், இன்று செகண்ட் ஹேண்டில் பல ஆயிரம். சர்க்யூட் தெரியக்கூடாது என்று உள்ளே எபாக்சி என்ற இறுகிப்போகும் பசையை ஊற்றி மூடியிருந்தார், ஆனாலும் சில ஆர்வலர்கள் அதைச் சுரண்டி எடுத்து வரைபடத்தைப் பொதுவில் போட்டார்கள். இன்று அந்தச் சர்க்யூட்டின் நகல்கள் நூறு டாலருக்குக் கீழே கிடைக்கின்றன. அசலின் விலை அதனால் விழவில்லை. நான் சொன்ன இரண்டாவது விலை தனியாக நிற்கும்போது இப்படித்தான் இருக்கும், அந்தப் பல ஆயிரத்தில் ஒலிக்கான பங்கு மிகச் சிறியது.

சரி, டிஎஸ்808. உங்கள் நண்பர் சொல்வது தவறு என்றே சொல்வேன். அந்தச் சிப் ஜேஆர்சி4558டி. ஒரு காலத்தில் எத்தனையோ ஆடியோ கருவிகளில் போட்ட, சிக்னலைப் பெரிதாக்குகிற சாதாரண ஆப்-ஆம்ப், இன்றும் அதே வகைச் சிப் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. பழைய 808-களிலேயே சிலவற்றில் வேறு கம்பெனியின் 4558 இருக்கும். 1982-இல் அதற்கு அடுத்து வந்த டிஎஸ்9-க்கும் 808-க்கும் சர்க்யூட்டில் உள்ள முக்கியமான வித்தியாசம் வெளியே போகிற இடத்தில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்கள். சால்டரிங் தெரிந்தவர் டிஎஸ்9-ஐ அரைமணி நேரத்தில் 808 ஆக்கிவிடுவார், எத்தனையோ பேர் அதைத் தொழிலாகவே செய்திருக்கிறார்கள். போதாததற்கு ஐபனீஸே 2004-இல் இருந்து 808-ஐ மறுபடி செய்து விற்கிறது.

அப்படியும் பழையதற்கு அவ்வளவு விலை என்றால் அது அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானின் பெயரோடு சேர்ந்து வருகிற விலை. அவர் 808, டிஎஸ்9, டிஎஸ்10 எல்லாம் பயன்படுத்தியவர். இந்த டிஎஸ்10-தான் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 1986 வாக்கில் செலவைக் குறைத்துச் செய்த பெடல், வயர் சொருகுகிற ஜாக்குகள் நேராகச் சர்க்யூட் போர்டிலேயே நிற்கும், வயரை ரெண்டு தரம் இழுத்தால் ஆட்டம் கண்டுவிடும். டியூப் ஸ்க்ரீமர்களில் மட்டமானது என்று வருடக்கணக்கில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிரபல கிட்டார் கலைஞர் ஜான் மேயர் தன் பெடல்போர்டில் அதை வைத்திருப்பது தெரிந்ததும் அதுவும் ஏறிவிட்டது. ஜாக் இன்னமும் அதே ஜாக்தான்.

இதில் சேமிப்பு என்று நினைத்து இறங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். நாற்பது வருடம் ஆன பெடலில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேமிக்கிற, உள்ளே ஈரம் உள்ள பாகங்கள்) காய்ந்துபோகும், அது இயற்கை. மாற்றினால் பெடல் நன்றாக வேலை செய்யும், ஆனால் 'உள்ளே கை வைத்தது' என்று சேர்த்து வைக்கிறவர் விலையைக் குறைப்பார். மாற்றாமல் விட்டால் விலை நிற்கும், ஒலி போய்க்கொண்டே இருக்கும். அதாவது நல்ல விலைக்காகப் பெடலைக் கெடவிட்டுப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். வாசிக்கிற ஒருவர் இதைச் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். சேர்த்து வைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் இல்லாவிட்டால் பல பெடல்கள் குப்பைக்குப் போயிருக்கும், ஆனால் நீங்கள் அவர் இல்லை, உங்கள் கடிதத்தில் வார இறுதி வாசிப்பைத்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் நான் சொல்வது இது. டிஎம்-2-ஐ விற்காதீர்கள். சரியான பவர் கொடுங்கள், எதிரொலியில் அதிகமாக இரைச்சலோ தேய்வோ கேட்டால் பழைய பெடல் பார்த்துப் பழகிய டெக்னீஷியனிடம் கொடுத்துக் கெபாசிட்டர் மாற்றுங்கள், மறுவிற்பனை விலையைப் பற்றிக் கவலைப்படாமல் மாற்றுங்கள். கழற்றுகிற பழைய பாகங்களை மட்டும் ஒரு சின்னக் கவரில் கேட்டு வாங்கி வையுங்கள், என்றாவது விற்க நேர்ந்தால் கூடவே கொடுக்கலாம். பேட் மங்கியும் அடிப்படையில் டியூப் ஸ்க்ரீமர் குடும்பத்து ஓவர்டிரைவ்தான். பேஸ் (கனத்த ஒலி), ட்ரெபிள் (கூர்மையான ஒலி) இரண்டுக்கும் தனித்தனி நாப் இருப்பதால் சில ஆம்ப்ளிஃபையர்களோடு அதைவிட வசதியும்கூட. ஒரு வாரம் அதைப் போர்டில் வைத்து சத்தத்தைக் கூட்டி வாசித்துப் பாருங்கள், அதற்குப் பிறகும் 808 ஒலிதான் வேண்டும் என்று தோன்றினால் ஐபனீஸ் இன்று செய்கிற 808-ஐக் கடையில் வாசித்துப் பார்த்து வாங்குங்கள். பழைய அசலுக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும், மிச்சத்தில் ஒரு நல்ல டியூப் ஆம்ப்ளிஃபையரே வாங்கலாம், உங்கள் ஒலியை அது மாற்றுகிற அளவுக்கு எந்தப் பெடலும் மாற்றாது.