தாவரவியலுக்குப் பிறகு எம்பிஏ

அன்புள்ள ஐயா,

தாவரவியல் இளங்கலை இறுதியாண்டில் இருக்கிறேன். அடுத்து வணிகத்தில் முதுகலை படிக்க ஆசை. எம்பிஏவா, மாஸ்டர் இன் மேனேஜ்மென்டா, எம்எஸ்சி ஃபைனான்ஸா என்று குழப்பம். வணிகவியல் படித்தவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் திணறிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. மூன்று வருடம் வீணாகிவிட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். வீணாகவில்லை. 1908இல் ஹார்வர்டு எம்பிஏவைத் தொடங்கியதே வேறு ஏதாவது படித்துவிட்டு வருபவர்களை நம்பித்தான். வணிகவியல் படித்தவர்களுக்கு முதல் பருவம் கொஞ்சம் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் எம்பிஏ இப்போது வேண்டாம். அது சில வருடம் வேலை பார்த்தவர்களுக்கான படிப்பு. ஒரு நிறுவனத்தின் சிக்கலைச் சில பக்கங்களில் கொடுத்து, 'நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று வகுப்பில் கேட்பார்கள். மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவர்களுக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கும். அனுபவம் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. வகுப்பில் எல்லாருமே புதியவர்கள் என்றால் யாரிடமிருந்து யார் கற்பது?

படிப்பு முடிந்த கையோடு சேர்வதற்கு ஏற்றது மாஸ்டர் இன் மேனேஜ்மென்ட். ஐரோப்பாவில் வேரூன்றிய படிப்பு. சேர்க்கை விதிகளை மட்டும் கடைசி வரிவரை படியுங்கள். இளங்கலையில் பொருளியல், வணிகவியல் பாடங்களில் இத்தனை கிரெடிட் (பாடத்துக்கான மதிப்பலகு) வேண்டும் என்று சில இடங்களில் நிபந்தனை இருக்கும். எம்எஸ்சி ஃபைனான்ஸில் நுண்கணிதமும் புள்ளியியலும் கைவசம் இல்லாமல் காலம் தள்ள முடியாது.

கணக்கியல் பயம்? இதைப் பாருங்கள். 100க்குக் கடனில் வாங்கிய சரக்கை ஒரு கம்பெனி 140க்குக் கடனிலேயே விற்கிறது. ஏட்டில் லாபம் 40. கையில் ஒரு காசு கிடையாது, சரக்கு கொடுத்தவரோ 100ஐக் கேட்டு வாசலில் நிற்கிறார். லாபத்தில் ஓடும் கம்பெனிகூட இப்படித்தான் மூடப்படுகிறது. இது புரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு விதை நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கி, லாப நட்டக் கணக்கையும், நிஜத்தில் பணம் வந்து போனதைக் காட்டும் பணப்புழக்க அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சுவாரசியம் தட்டவில்லை என்றால், சரி, இந்தப் படிப்பே வேண்டாம்.

விதை நிறுவனம் என்றது சும்மா இல்லை. ஒரு பயிர் ரகம் சந்தைக்கு வர ஏன் அத்தனை வருடம் ஆகிறது, அதுவரை ஏன் பணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விதை, மருந்து, உணவு என்று அந்த அறிவுக்கு விலை கிடைக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். தாவரவியலைத் தலைமுழுகிவிட்டு வங்கி வேலைக்குப் போட்டியிட்டால் நீங்கள் கூட்டத்தில் ஒருவர்தான்.

கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால் முதலில் இரண்டு மூன்று வருடம் வேலைக்குப் போங்கள், விற்பனை வேலையானாலும் பரவாயில்லை. அப்புறம் எம்பிஏவைப் பற்றி யோசிக்கலாம். இல்லை, இப்போதே சேர்வது என்று முடிவெடுத்தால், கல்லூரி காட்டும் சராசரிச் சம்பளத்தில் மயங்காதீர்கள். உங்களைப் போல வேறு துறையிலிருந்து, அனுபவமில்லாமல் வந்தவர்கள் எந்த வேலையில் சேர்ந்தார்கள் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.