மூன்று வருடம் படித்தால் என்ன குறைந்துவிடும்?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகளுக்கு 16 வயது, நோய்நொடி இல்லை. தொடக்கநிலை ஐந்தில் துள்ளித் திரிந்தவள், இப்போது எதைக் கேட்டாலும் “ஏதோ போகுது” என்கிறாளாம். இதற்கிடையில் தொடக்கக் கல்லூரியில் (இரண்டு வருட மேல்நிலைப் படிப்பு) அறிவியல், அப்புறம் மருத்துவம் என்று பெரியப்பா தீர்மானித்துவிட்டார். என்ன செய்வது என்று கேட்கிறார் தாயார்.

அம்மா, ஐரோப்பிய நாடுகளில் 8 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் கிட்ஸ்கிரீன் என்ற, பிள்ளைகளின் நலனை அளக்கும் வினாத்தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வயது ஏற ஏற, தங்கள் வாழ்க்கைக்கு அவர்களே போடும் மதிப்பு இறங்கியது. பெண்பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாக. அவர்கள் நோயாளிகள் அல்லர், சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள். உங்கள் மகளுக்குத் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள்.

அதற்காக “வயசுக் கோளாறு, சரியாகிவிடும்” என்று நான் சொல்லப்போவதில்லை. வேதியியல் என்றாலே முகம் சுளிக்கிறாள், கணக்கியல் பாடத்தை மட்டும் தானாக எடுத்துப் படிக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மருத்துவத்துக்கு மேல்நிலையில் (‘ஏ’ லெவல்) வேதியியல் கட்டாயம். பிறகென்ன பேச்சு?

தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது புக்கிட் பாத்தோக்கில் உள்ள மிலெனியா கல்வி நிலையம். 2004இல் இரண்டு நிலையங்களை இணைத்து உருவானது. அங்கும் எழுதுவது அதே மேல்நிலைத் தேர்வுதான்; இரண்டு வருடத்துக்குப் பதில் மூன்று. கலை, அறிவியலோடு வணிகப் பிரிவும் உண்டு. கணக்கியல், வணிக மேலாண்மை இரண்டையும் அங்கே மேல்நிலைப் பாடங்களாகவே எடுக்கலாம். தேறினால் என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு என எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். முதல் வருடம் அடித்தளம் போட நேரம் கிடைக்கும்; இணைப்பாட நடவடிக்கையையும் கைவிட வேண்டியதில்லை. வணிகப் பிரிவை எடுத்தால் மேல்நிலை முடித்து நேராக மருத்துவம் சேரும் கதவு மூடிவிடும், அதையும் மறைக்கவில்லை. அவள் தட்டாத கதவு அது.

“ஒரு வருடம் வீணா?” என்று உறவினர் கேட்பார்கள். பிடிக்காத பாடத்துக்கு மாதாமாதம் டியூஷன் கட்டுவதுதான் வீண். நான்கு பாடத்துக்கு டியூஷன் என்றீர்களே, வேதியியல் டியூஷனை இந்த மாதமே நிறுத்துங்கள்.

சாதாரணநிலைத் தேர்வு முடிவுகள் வந்ததும், இந்த நிலையங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே முறையாகப் போடும் கூட்டு சேர்க்கை விண்ணப்பத்துக்குச் சில நாள்தான் இருக்கும். 12 தெரிவுகள் போடலாம். அதற்கு முன், நிலையத்தைச் சுற்றிப் பார்க்க விடும் திறந்த இல்ல நாளில் அவளை அழைத்துப் போங்கள், மூத்த மாணவர்களிடம் அவளே பேசட்டும். வரிசையை அவளே போட்டு, தன் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு) வழியே அவளே அனுப்பட்டும். பெரியப்பாவிடம் அனுப்பிய பிறகு சொன்னால் போதும்.