சுறா தூங்குமா?

அன்புள்ள ஐயா,

சுறா ஆய்வாளர் யூஜினி கிளார்க் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான் முனைவர் பட்டத்துக்குத் திருக்கைகளை ஆராய்ந்தவள். இப்போது ஆறு ஆண்டுகளாகக் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். கடலில் இறங்கி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. சுறா, திருக்கை அடங்கிய குருத்தெலும்பு மீன்களுக்குப் பாடத்திட்டத்தில் இரண்டே வகுப்புகள்தான். பண்புகளைச் சொல்லி எழுதவைத்து முடித்துவிடுகிறேன். போன வாரம் ஒரு மாணவி, "சுறா தூங்குமா?" என்று கேட்டாள். "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. கிளார்க் 1968இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஆசிரியப் பணி என்பது ஆய்வாளருக்கு ஓய்வுக்காலம்தானா?

கே.

அன்புள்ள கே.,

அந்த ஒரே வரி என் பிழை. கட்டுரை நீண்டுவிட்டது என்று வெட்டினேன். வெட்டக் கூடாத இடத்தில் வெட்டியிருக்கிறேன்.

கிளார்க் புளோரிடாவில் கேப் ஹேஸ் ஆய்வுக்கூடத்தை 1955இல் தொடங்கினார். அங்கே எலுமிச்சைச் சுறாக்களுக்கு அவர் கொடுத்த பயிற்சியைத்தான் நான் விரிவாக எழுதியிருந்தேன். நீருக்குள் தொங்கும் பலகையை மூக்கால் அழுத்தினால் தீனி கிடைக்கும் என்று அவை கற்றுக்கொண்டன. குளிர்காலத்தில் நீர் குளிர்ந்து தீனி எடுப்பதையே நிறுத்தியவை, வாரக்கணக்கில் இடைவெளி விட்ட பிறகும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. சுறாவைப் பசி மட்டுமே ஓட்டும் இயந்திரம் என்று நம்பியிருந்த காலத்தில் இது பெரிய செய்தி.

ஆனால் உங்கள் மாணவியின் கேள்விக்கு நெருக்கமான வேலையை அவர் செய்தது அதற்குப் பிறகு, பேராசிரியராக இருந்த 1970களில். மெக்சிகோவின் இஸ்லா முஹேரஸ் தீவுக்கு அருகே, கடலடிக் குகைகளில் சுறாக்கள் அசையாமல் கிடக்கின்றன என்ற தகவல் வந்தது. முதலில் கண்டவர் சிங்கி இறால் பிடிக்க மூழ்கிய ஒருவர். இந்த வகைச் சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் நீர் புகும், நின்றால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்பதே அன்றைய பாடம். கிளார்க் குகைக்குள் இறங்கிப் பார்த்தார். பவளத்திட்டுகளில் வாழும் பெரிய ரீஃப் சுறாக்கள் தரையில் வயிறு படியக் கிடந்தன. வாயைத் திறந்து மூடித் தாங்களே செவுள்களுக்கு நீரைத் தள்ளிக்கொண்டிருந்தன. அருகே போன மனிதர்களை அவற்றின் கண்கள் பின்தொடர்ந்தன. ஆகவே அது தூக்கமாக இருக்காது என்று அவர் சந்தேகப்பட்டார். குகைக்குள் நன்னீர் ஊறி உப்பின் அளவு குறைந்திருந்ததை அளந்தார். அந்த நீரில் ஒட்டுண்ணிகளின் பிடி தளரும், அதற்காகவே சுறாக்கள் அங்கே வந்து கிடக்கின்றன என்பது அவருடைய ஊகம்.

"சுறா தூங்குமா?" என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பேராசிரியர் இறங்கிய இடம் அது. நீங்கள் உட்காரச் சொன்ன பெண் அந்தக் குகை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். கடுமையாக எழுதுகிறேன் என்றால் மன்னியுங்கள்.

இரண்டு வகுப்புகள் போதாது என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டிலும் பண்புகளை வரிசையாக எழுதவைக்க வேண்டியதில்லை. "சுறாவின் தலையிலுள்ள லோரன்சினி நுண்பைகள் மின்புலத்தை உணரும்" என்று ஒரு வரியாகச் சொன்னால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். 1971இல் ஏட்ரியானஸ் கால்மைன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனையை அப்படியே சொல்லிப் பாருங்கள். தொட்டியின் மணலுக்கு அடியில் உயிருள்ள தட்டைமீன் ஒன்று புதைந்திருக்கிறது. பூனைச்சுறா கடந்து போகிறது, சட்டென்று திரும்பி மணலைக் கிளறி மீனைக் கவ்வுகிறது. மணத்தாலா? மீனை அகர் என்ற கடற்பாசிக் கூழால் ஆன கூட்டுக்குள் அடைத்து மணத்தைத் தடுக்கிறார். சுறா அப்போதும் நேராக அங்கேயே பாய்கிறது. இங்கே நிறுத்தி, அடுத்து என்ன செய்யலாம் என்று வகுப்பைக் கேளுங்கள். கால்மைன் அகரின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்தார். மின்சாரம் தடைபட்டது, சுறா எதுவும் தெரியாததுபோல் நீந்திப் போனது. கடைசியாக, மீனே இல்லாமல் இரண்டு மின்முனைகளை மட்டும் புதைத்து மீனின் அளவுக்கு மின்சாரம் செலுத்தினார். சுறா அவற்றைத் தோண்டிக் கடித்தது. உங்கள் திருக்கையும் இதே சோதனையில் இதே விதமாகத்தான் நடந்துகொண்டது.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த திருக்கையை வகுப்புக்குக் கொண்டுபோயிருக்கிறீர்களா? நான் ஒருமுறை ஒரு கடலுயிரியல் ஆசிரியரின் செய்முறை வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். தட்டில் ஒரு திருக்கை. அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "இது மணலில் படுத்திருக்கிறது. எப்படி மூச்சு விடும்?" என்றார். ஒரு மாணவன் அதைப் புரட்டினான். வாயும் ஐந்து இணைச் செவுள் பிளவுகளும் அடிப்பக்கம் இருந்தன. "மணல் புகுந்துவிடுமே" என்றான். மறுபடி திருப்பினான், கண்ணுக்குப் பின்னால் துளை இருந்தது. விரல் நுனியை வைத்து, "இது வழியாகவா?" என்று கேட்டபோது அவன் குரல் மாறியிருந்தது. மூச்சுத்துளை என்ற சொல்லை ஆசிரியர் அதன் பிறகுதான் சொன்னார்.

இதில் எனக்கு ஓர் அவசரமும் இருக்கிறது. சுறாக்களிலும் திருக்கைகளிலும் பல மெதுவாக வளர்ந்து, தாமதமாகப் பருவம் எய்தி, குறைவாகக் குட்டி போடுபவை. கொம்புத் திருக்கை பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே குட்டிதான். இந்தக் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2021இல் வந்த உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. காரணம் மிகைப் பிடிப்பு. அடுத்து இவற்றை எண்ணப்போகிறவர்கள் இன்றைக்கு யாருடைய வகுப்பிலோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் மாணவிக்கு: 2022இல் ஒரு குழு, கடலடியில் படுத்து ஓய்வெடுக்கும் ஒரு சிறு சுறா வகையின் ஆக்சிஜன் பயன்பாட்டை அளந்தது. அசையாமல் ஐந்து நிமிடங்களுக்கு மேல் கிடந்தபோது அது தெளிவாகக் குறைந்தது. கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அளவு மாறவில்லை. ஆகவே அந்த வகை தூங்குகிறது, சில வேளை கண்ணைத் திறந்துகொண்டே. நிற்காமல் நீந்தும் சுறாக்கள் எப்படித் தூங்குகின்றன என்பதற்கு இன்னும் யாரிடமும் விடை இல்லை. அடுத்த வகுப்பில் அவளையே அழைத்து, அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.