ஓரத்தில் தகட்டுத் தடம் இல்லையென்றால் தவளைப் படம் போலியா?

கேள்வி: நாங்கள் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் தாத்தா பெரேயா பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தோட்ட வேலை பார்த்தவர். அந்தக் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனபோது, கண்ணாடி போட்ட இரண்டு தவளைப் படங்களை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்றில் பருத்த தவளை ஒன்று மட்டும் இருக்கிறது. அடியில் பொடி எழுத்தில் ஃபோர்டு என்ற பெயர் தெரிகிறது. மற்றதில் பக்கம் நிறையத் தவளைகள். மேலே ஹெக்கெல் என்றும் 68 என்றும் அச்சாகியிருக்கிறது. அப்பா காலமான பிறகு, பழைய பொருள் வாங்கும் ஒருவர் வந்து பார்த்தார். “நிஜமான பழைய படமென்றால் ஓரத்தில் தகடு அழுத்திய தடம் இருக்கும். இதில் இல்லை, இரண்டுமே நகல். பழுப்புப் புள்ளி வேறு விழுந்திருக்கிறது. சேர்த்து 1,200 ராண்ட் தருகிறேன். இல்லையென்றால் நானே சுத்தம் செய்து, வண்ணம் ஏற்றி, லண்டனில் விற்றுத் தருகிறேன்” என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. நகல் என்று அவரே சொல்கிறார். நகலை யாராவது லண்டன் வரை கொண்டுபோய் விற்பார்களா?

அவர் சொன்ன தடம் செப்புத் தகட்டில் அச்சிட்ட படங்களுக்கு உரியது. செம்பில் கோடு கீறி, மையை நிரப்பி, ஈரத்தாளை மேலே வைத்துப் பலமாக அழுத்துவார்கள். தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து, படத்தைச் சுற்றி மெல்லிய பள்ளமாக நின்றுவிடும். 18ஆம் நூற்றாண்டுத் தவளைப் படங்களில் இதைப் பார்க்கலாம். நியூரம்பெர்க்கில் ரோசல் ஃபொன் ரோசன்ஹோஃப் 1753 முதல் 1758 வரை வெளியிட்ட தவளைப் புத்தகம் இந்த வகைதான். அதில் இருப்பவை ஜெர்மானியத் தவளைகள்.

உங்கள் முதல் படத்தின் கதை வேறு. 1796 வாக்கில் பவேரியாவில் செனஃபெல்டர் கல்லச்சைக் கண்டுபிடித்தார். தட்டையான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புள்ள கட்டியால் வரைந்து, கல்லை நனைத்து, மை தடவுவார்கள். வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். இந்த முறையில் தகட்டு விளிம்பு தாளில் பதிய வழியே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் வந்த தவளை, பாம்பு, பல்லிப் படங்களில் ஏராளமானவை கல்லச்சுதான்.

அடியில் ஃபோர்டு என்ற பெயர் இருப்பதாலும் தவளை பருத்து இருப்பதாலும் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஆண்ட்ரூ ஸ்மித்தின் தென்னாப்பிரிக்க விலங்கியல் படத்தொகுதி. ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், ராணுவ மருத்துவர். 1825இல் கேப் டவுனில் தொடங்கிய தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்துக்கு முதல் பொறுப்பாளர். 1834 முதல் 1836 வரை அவர் உள்நாட்டுக்குப் போன பயணத்தில் ஓவியராகக் கூடவே சென்றவர் கேப்பில் பிறந்த ஜார்ஜ் ஹென்றி ஃபோர்டு. புத்தகம் 1838 முதல் 1849 வரை லண்டனில் பகுதி பகுதியாக வெளிவந்தது. கல்லச்சில் இட்டு, பிறகு கையால் வண்ணம் தீட்டினார்கள். பல்லியின் ஒவ்வொரு செதிளையும் தனித்தனியாகப் பார்த்து வரைந்தவர் ஃபோர்டு. பிற்காலத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காகவும் வரைந்தார். நம் மண்ணில் பிறந்த இப்படி ஒரு கலைஞனின் படத்தை ‘நகல்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவரைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் படம் அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததா என்று பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். பிரேமைப் பிரிக்க வேண்டாம், கண்ணாடிக்கு மேலேயே வைத்துத் தவளையின் முதுகைப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வட்டம் வட்டமாகத் தெரிந்தால் அது பிற்கால அச்சு, ஆசையை விட்டுவிடலாம். கல்லச்சென்றால் பள்ளிக்கூடக் கரும்பலகையில் சாக்கட்டியைத் தேய்த்தது போல, கறுப்பு கரகரப்பாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். அதன் மேல் வண்ணம் புள்ளியே இல்லாமல் படர்ந்திருக்கும். தூரிகை நின்ற ஓரத்தில் நிறம் சற்று அடர்ந்திருக்கும். அங்கங்கே கோட்டைத் தாண்டி மயிரிழை அளவு வெளியே வந்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தவளையின் கண்ணைப் பாருங்கள். கண் மட்டும் தனியாகப் பளபளத்தால், அங்கே பசை கலந்து தீட்டியிருக்கிறார்கள். கையால் வண்ணமிட்டவர்களின் வழக்கம் அது.

அப்புறம் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் ஸ்மித்தின் புத்தகத்தை இலவசமாகப் பார்க்கலாம். படத்தை அதோடு ஒப்பிடுங்கள். வண்ணம் ஒத்துப்போகவில்லை என்று கலங்க வேண்டாம், கையால் தீட்டியவை பிரதிக்குப் பிரதி மாறும். கோடுகளும் அடியில் உள்ள எழுத்தும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும்.

தடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். செப்புத் தகட்டுப் படத்திலும் தடம் இல்லாமல் போகலாம். பிரேம் போடும் கடைக்காரர் கையிருப்புச் சட்டத்தின் அளவுக்குத் தாளை நறுக்கிவிடுவார், தடம் குப்பைக்குப் போய்விடும். தகடு புத்தகப் பக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால், பைண்டிங்கில் விளிம்பு வெட்டுப்பட்டுவிடும். தாளை நனைத்து அழுத்தி நேராக்கினால் பள்ளம் சமமாகிவிடும். அட்டையில் ஒட்டி மேலே பாரம் வைத்திருந்தாலும் அப்படித்தான். இதன் மறுபக்கமும் உண்டு. புதிதாக அச்சிட்ட படத்தைச் சுற்றி வெறும் தகட்டை வைத்து அழுத்தி, தடத்தைப் பொய்யாக உண்டாக்கலாம். ஆகவே தடம் இருக்கிறது, இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பழசா புதுசா என்று தீர்ப்புச் சொல்கிறவரை, அவர் எத்தனை வருஷம் தொழிலில் இருந்தாலும், நம்பாதீர்கள்.

பழுப்புப் புள்ளிகள் டர்பனில் விழாமல் இருந்தால்தான் அதிசயம். கடற்கரை ஈரம், தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடி, பின்னால் அமில அட்டை. மூன்றும் சேர்ந்தால் புள்ளி வரும். அதனால் படம் செல்லாக்காசு ஆகிவிடாது. ‘சுத்தம் செய்கிறேன்’ என்பதுதான் பயங்கரம். துணி வெளுக்கும் ஜிக் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தாளை முக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தாள் வெளுக்கும், கையால் தீட்டிய வண்ணமும் கூடவே போய்விடும். மிஞ்சிய தாள் சில வருஷத்தில் உதிரும். ‘வண்ணம் ஏற்றுகிறேன்’ என்பது அதைவிட மோசம். 180 வருஷத்துக்கு முந்தைய தூரிகையின் மேல் இன்றைய வாட்டர்கலரைப் பூசிவிட்டால், அதை மறுபடி எடுக்கவே முடியாது. தாளைப் பழுதுபார்க்கத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். கை வைப்பதென்றால் அவர்கள் மட்டுமே கை வைக்கட்டும்.

இப்போதைக்குப் படத்தை வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். வெயில் படும் லவுஞ்சும் வேண்டாம், கற்பூரப் புகை படியும் சாமி அறையும் வேண்டாம். பிரேமின் பின்பக்கம் ராமபாணப் பூச்சி தெரிகிறதா என்று பாருங்கள், பசையைத் தின்ன வந்து தாளையும் அரித்துவிடும். புதுச் சட்டம் போடும்போது, அமிலமில்லாத அட்டையில் ஜன்னல் வெட்டி, கண்ணாடி தாளைத் தொடாமல் செய்யச் சொல்லுங்கள். ஓரத்தை ஒரு மில்லிமீட்டர்கூட நறுக்கக்கூடாது, செலோடேப் ஒட்டக்கூடாது என்று எழுதியே கொடுங்கள். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள்.

லண்டன் விஷயத்துக்கு வருகிறேன். 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டத்தின் 32ஆம் பிரிவில், இந்த நாட்டோடு தொடர்புள்ள பழம்பொருள்களில் சில வகைகளை தென்னாப்பிரிக்க மரபுவள அமைப்பான சாஹ்ராவின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று இருக்கிறது. உங்கள் படம் அதில் அடங்குமா என்பதை முதலில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மனிதர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு அதை யார் சொன்னார்கள்? விண்ணப்பம், படிவம், காத்திருப்பு எல்லாம் நேர்மையாக நடப்பவர்கள் தலையில். சூட்கேஸின் அடியில் ஒரு தாளை வைத்து எடுத்துப் போகிறவனை யார் தடுக்கிறார்கள்? அருங்காட்சியகத்துக்குப் போனால், பொதுவாக என்ன படம் என்று சொல்வார்கள், விலை சொல்ல மாட்டார்கள். காப்பீட்டுக்காரர்களோ விலை எழுதிய தாளைக் கேட்கிறார்கள். இந்த இடைவெளியில்தான் தரகர் நாற்காலி போட்டு உட்கார்கிறார். அவர் அச்சடித்துத் தரும் ‘உண்மைச் சான்றிதழ்’ அவருடைய சொந்தக் காகிதம், அவ்வளவுதான்.

சாவு வீடு கலையுமுன் வாசலில் வந்து நிற்கும் இந்த ஆட்களைப் பற்றிப் பல குடும்பங்கள் என்னிடம் சொல்லியிருக்கின்றன. முதலில் குறை சொல்வார்கள், பிறகு இரக்கப்பட்டு விலை சொல்வார்கள், ‘இன்றைக்கே’ என்பார்கள். படத்தை அவர் கையில் ஒரு ராத்திரிகூட விடாதீர்கள். திரும்பி வருவது உங்கள் படம்தானா என்று எப்படி நிரூபிப்பீர்கள்? இன்றே முன்பக்கம், பின்பக்கம், அடி எழுத்து, ஒவ்வொரு புள்ளியும் தெரியப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது படத்தில் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்காதீர்கள். அது ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கெலின் படத்தொகுதியில் 68ஆம் தட்டு, அதாவது படப்பக்கம். 1899 முதல் 1904 வரை வந்த நூறு தட்டுகளில் ஒன்று. அந்தத் தொகுதியில் கல்லச்சும் உண்டு, புள்ளி அச்சும் உண்டு, இரண்டிலும் தகட்டுத் தடம் இருக்காது. ஆனால் காலண்டரிலும் போஸ்டரிலும் அதை எத்தனை முறை மறுபடி அச்சிட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. முதல் படத்துக்குச் சொன்னது போல, லென்ஸில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வட்டம் வட்டமாகத் தெரிந்தால் தாத்தா நினைவாக வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால், மேல் ஓர எழுத்தையும் பிரேமின் பின்பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து, முதல் படத்தின் படங்களோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.