அழைப்பு வருகிறது, இணையம் வரவில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. சொந்த நாட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைபேசியில், இங்கே ஒரு சிறிய நிறுவனத்திடம் வாங்கிய ப்ரீபெய்டு சிம்மைப் போட்டிருக்கிறேன். அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் ஒழுங்காக வந்து போகின்றன. மொபைல் டேட்டா மட்டும் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை. விற்ற கடையில் இரண்டு முறை சிம்மை மாற்றிக் கொடுத்துவிட்டு, இப்போது கைபேசியையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். அழைப்பும் குறுஞ்செய்தியும் ஒழுங்காக வருகின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதே பல சந்தேகங்களைத் தீர்த்துவிடுகிறது. கைபேசி வேறொரு நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்டிருந்தால் இந்தச் சிம்மை அது ஏற்றிருக்காது. அடையாளச் சரிபார்ப்பு முடியாமல் இருந்திருந்தால் இணைப்புக்கு உயிரே வந்திருக்காது. கோபுரத்தோடு பேசும் அலைவரிசை உங்கள் கைபேசியில் இல்லாமல் இருந்திருந்தால் சிக்னல் கோடுகள் தோன்றியிருக்காது. எனவே இரண்டு முறை மாற்றப்பட்ட சிம்மின் மீது குற்றம் எதுவும் இல்லை. முதலில் உங்கள் திட்டத்தில் டேட்டா சேர்க்கப்பட்டிருக்கிறதா, இரண்டு சிம் உள்ள கைபேசி என்றால் டேட்டாவுக்கு எந்தச் சிம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால், கோளாறு அநேகமாக ஏபிஎன் என்ற ஒற்றை வரியில்தான் இருக்கிறது.

டேட்டா வேண்டுமென்றால், உங்கள் கைபேசி நிறுவனத்தின் வலையமைப்புக்குள் ஒரு குறிப்பிட்ட நுழைவாயிலின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த வாயிலின் பெயர்தான் ஆக்சஸ் பாயிண்ட் நேம் என்பதன் சுருக்கமான ஏபிஎன். பெயர் சரியாக இருந்தால், உங்கள் கணக்குக்கு அந்த வாயிலில் அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு, வலையமைப்பு கைபேசிக்கு, இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஓர் ஐபி முகவரியைக் கொடுக்கிறது. அதன் பிறகே இணையம் திறக்கிறது. பெயர் தவறினால், கோபுரம் வீட்டு வாசலிலேயே நின்றாலும் ஒரு பக்கம்கூடத் திறக்காது. வலையமைப்பில் குரல் அழைப்பு போகும் பாதை வேறு என்பதால், அழைப்புக்கு எந்தத் தடையும் வருவதில்லை.

சொந்த நாட்டில் இந்தப் பெயரை நாம் ஒருபோதும் தட்டச்சு செய்ததில்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு சிம்மிலும் நாட்டைக் குறிக்கும் மூன்று இலக்க எண்ணும், நிறுவனத்தைக் குறிக்கும் இரண்டு அல்லது மூன்று இலக்க எண்ணும் பதிந்திருக்கின்றன. கைபேசி அவற்றைப் படித்து, தன்னுள்ளே இருக்கும் பட்டியலில் அந்த நிறுவனத்துக்குரிய ஏபிஎன்னைத் தேடி எடுத்துத் தானே நிரப்பிக்கொள்கிறது. இந்த ஏற்பாடு பெரிய நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் பொருந்திவிடும். சொந்தமாகக் கோபுரங்கள் வைத்துக்கொள்ளாமல், பெரிய நிறுவனத்தின் சேவையை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் சிறு நிறுவனங்களிடம்தான் இது சறுக்குகிறது. எம்விஎன்ஓ எனப்படும் இந்த நிறுவனங்களின் சிம்களில் பல நேரங்களில் பெரிய நிறுவனத்தின் எண்ணே இருக்கும். கைபேசியும் அந்த எண்ணை நம்பிப் பெரிய நிறுவனத்தின் வாயிலைத் தட்டுகிறது. உங்கள் கணக்கோ அங்கே இல்லை. புதிதாகக் குடியேறியவர்கள் விலைக்காகவும், நீண்ட ஒப்பந்தம் கேட்பதில்லை என்பதற்காகவும் இத்தகைய நிறுவனங்களையே நாடுவதால், இந்தக் கோளாறும் அவர்களையே அதிகம் பிடிக்கிறது. அந்த நாட்டிலேயே விற்கப்பட்ட கைபேசியின் பட்டியலில் சிறு நிறுவனங்களின் விவரமும் இருக்க வாய்ப்புண்டு. கடைக்காரர் தம் கைபேசியில் சிம்மைப் போட்டுப் பார்க்கும்போது உடனே வேலை செய்வதும், பிறகு அவர் உங்கள் கைபேசியைக் குறை சொல்வதும் இதனால்தான்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வைஃபை உள்ள இடத்தில் அமர்ந்து, உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் ஏபிஎன் விவரங்களைத் தேடுங்கள். சிம்மோடு வந்த அட்டையிலும் அவை அச்சிடப்பட்டிருக்கலாம். கைபேசி அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் ஏபிஎன் பட்டியல் இருக்கும். அங்கே ஏற்கெனவே இருக்கும் பதிவைத் திருத்தாமல் புதிதாக ஒன்றைச் சேருங்கள். பழையது இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஏபிஎன், பயனர் பெயர், கடவுச்சொல், சரிபார்ப்பு வகை ஆகியவற்றை நிறுவனம் கொடுத்தபடியே எழுதுங்கள். அவர்கள் கொடுக்காத கட்டங்களைக் காலியாகவே விடுங்கள். நாட்டு எண், நிறுவன எண் ஆகிய இரண்டையும் தொடாதீர்கள். அவை சிம்மோடு பொருந்தாவிட்டால், நீங்கள் சேமித்த பதிவு பட்டியலில் தோன்றாமலே போய்விடும். எழுதியது எங்கே போனது என்று பலர் திகைப்பது இங்கேதான். தானாகத் திருத்தும் விசைப்பலகை சொல்லின் கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடுவதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி ஒரு நாள் முழுவதையும் தின்றுவிடக்கூடியது என்பதை அனுபவத்தில் அறிந்தவன் என்பதால் சொல்கிறேன். சேமித்த பிறகு பட்டியலுக்குத் திரும்பி, புதிய பதிவின் எதிரே உள்ள வட்டத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேமித்தால் போதும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் பலர். பிறகு விமானப் பயன்முறையை அரை நிமிடம் இட்டு நீக்குங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில சிறு நிறுவனங்கள் ஏபிஎன்னைக் கையால் எழுதச் சொல்லாமல், வைஃபை வழியாக இறக்கி நிறுவ வேண்டிய அமைவுச் சுயவிவரக் கோப்பு ஒன்றைத் தருவார்கள். முந்தைய நிறுவனத்தின் சுயவிவரம் கைபேசியில் எஞ்சியிருந்தால் புதியது வேலை செய்யாது. பழையதை நீக்கிவிட்டே நிறுவ வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தபின் 4ஜி அல்லது 5ஜி குறி தோன்றியும் பக்கங்கள் திறக்கவில்லை என்றால், வாயில் திறந்துவிட்டது, கோளாறு உள்ளே இருக்கிறது என்று பொருள். சொந்த நாட்டுச் செயலிகளுக்காக நிறுவிய, இணையப் போக்குவரத்தை வேறொரு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் இயங்கிக்கொண்டிருக்கிறதா, தளங்களின் பெயரைக் கொண்டு அவற்றின் முகவரியைத் தேடித் தரும் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற அமைப்பில் ஏதேனும் முகவரி இட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டையும் அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

கேள்வி: கொண்டுவந்த கைபேசி முதல் சில மாதங்கள் உள்ளூர் சிம்மில் நன்றாகவே இயங்கியது. ஒரு நாள் காலையில் திடீரென்று அழைப்பு, டேட்டா, எல்லாமே நின்றுவிட்டன. அதே சிம் நண்பரின் கைபேசியில் வேலை செய்கிறது. என் கைபேசி கெட்டுவிட்டதா?

பதில்: கைபேசி கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். சில மாதம் ஓடிவிட்டு ஒரே நாளில் முழுவதுமாக நிற்பது, கருவியை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண்ணை வலையமைப்பு தடுத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். ஒவ்வொரு கைபேசிக்கும் உள்ள இந்தப் 15 இலக்க எண்ணை *#06# என்று அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். இறக்குமதி வரி செலுத்தாத கருவிகளைத் தடுப்பதற்காகச் சில நாடுகள் வெளியிலிருந்து வரும் கைபேசிகளைப் பதிவு செய்யச் சொல்கின்றன. துருக்கி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு: வெளிநாட்டில் வாங்கிய கைபேசியை அந்த நாட்டுச் சிம்மோடு 120 நாள் வரையே பதிவின்றிப் பயன்படுத்த முடியும், அதற்குள் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யாவிட்டால், கைபேசி உள்ளூர் வலையமைப்புகளில் முடங்கிவிடும். பாகிஸ்தானிலும் இத்தகைய பதிவு முறை உண்டு. சுற்றுலாப் பயணிக்கு இந்த விதி தெரியவே வராது. தங்கி வாழ்கிறவருக்கு மட்டுமே அது நேரே வந்து நிற்கும்.

நீங்கள் இருக்கும் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் ஐஎம்இஐ எண்ணை இட்டு நிலையைப் பார்க்க வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். பதிவுக்குக் கடவுச்சீட்டும், நாட்டுக்குள் நுழைந்த நாளைக் காட்டும் முத்திரையும் தேவைப்படலாம். இரண்டு சிம் கைபேசிக்கு இரண்டு ஐஎம்இஐ எண்கள் இருக்கும் என்பதால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணை மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடைகளின் பக்கம் போகாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம், வெளிநாட்டவர் அதில் சிக்கினால் விசாவுக்கே கேடு வரலாம்.

தடுப்புப் பட்டியலில் கைபேசி இல்லையென்றால், சிம் யார் பெயரில் எந்த ஆவணத்தோடு பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் ப்ரீபெய்டு சிம்மை இயக்குவதற்கே அடையாள ஆவணத்தைச் சரிபார்க்க வேண்டும். பிரிட்டனிலோ அத்தகைய கட்டாயம் இல்லை. ஆவணம் கட்டாயமாக உள்ள நாடுகளில், விசாவையோ குடியிருப்பு அட்டையையோ புதுப்பித்த பிறகு அதன் விவரத்தை நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுவது நல்லது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் தனியாக இல்லாதவர்களின் பெயரை விண்ணப்பத்தில் ஒருவிதமாகவும் வங்கிக் கணக்கில் வேறுவிதமாகவும் எழுதிவிடுவதால் சரிபார்ப்பு தடைபடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஆனால் உங்கள் சிம் நண்பரின் கைபேசியில் வேலை செய்வதால், இந்தக் காரணத்துக்கு வாய்ப்புக் குறைவு.

கேள்வி: என் நிலைமை மற்றவர்களுக்கு நேர்மாறானது. டேட்டா வேகமாக வருகிறது; அழைத்தால் மட்டும் கைபேசி சிக்னலை இழந்து அழைப்பு துண்டிக்கப்படுகிறது. ஐந்து ஆண்டுப் பழைய கைபேசி. இதற்கும் ஏபிஎன்தான் காரணமா?

பதில்: இல்லை. முன்பு 4ஜியில் டேட்டாவும், 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கிக் குரலும் என்று கைபேசிகள் வேலையைப் பிரித்துக்கொண்டன. இப்போது பல நாடுகள் 3ஜியை மூடிவிட்டன: ஜெர்மனியில் 2021இல், அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்கள் 2022க்குள், ஆஸ்திரேலியாவில் 2024இல். இறங்குவதற்குப் படி இல்லாத இடத்தில் குரலும் 4ஜி வழியாகவே போக வேண்டும். வோல்டிஇ என்பது அதுதான். உங்கள் கைபேசியில் அந்த வசதி இருந்தாலும், நீங்கள் சேர்ந்திருக்கும் நிறுவனத்துக்குரிய அமைப்பு அதில் இல்லாவிட்டால் அது இயங்காது. வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்ட கைபேசிகளில் இந்தக் குறையைப் பரவலாகக் காணலாம்.

அமைப்புகளில் வோல்டிஇ அல்லது 4ஜி அழைப்பு என்ற விசை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இயக்குங்கள். கைபேசியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அப்படியும் ஆகவில்லை என்றால், நிறுவனம் வெளியிட்டிருக்கும் ஏற்புடைய கைபேசிகளின் பட்டியலில் உங்கள் மாடல் எண்ணைத் தேடுங்கள். மாடலின் பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறும்; பார்க்க வேண்டியது எண்ணையே. பட்டியலில் இல்லையென்றால், முதல் கேள்வி கேட்ட வாசகருக்கு வேண்டாம் என்று சொன்ன நான் உங்களிடம் கைபேசியை மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். அழைப்புக்கு வாட்ஸ்அப் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். அவசர உதவி எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அழைக்க முடியாது. ஆஸ்திரேலியாவில், 3ஜி இல்லாமல் அவசர எண்ணை அழைக்க இயலாத கைபேசிகளுக்குச் சேவையையே நிறுத்தும்படி நிறுவனங்கள் பணிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாட்டில் இன்று வரும் டேட்டாவும் நாளை நின்றுவிடும்.

கேள்வி: வங்கியின் ஓடிபிக்காகச் சொந்த நாட்டு எண்ணையும் அதே கைபேசியில் வைத்திருக்கிறேன். டேட்டாவுக்கு உள்ளூர் இ-சிம். போன மாதம் சொந்த நாட்டு எண்ணுக்குப் பெரிய ரோமிங் கட்டணம் வந்துவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: உள்ளூர் சிக்னல் பலவீனமானபோது கைபேசி தானாகவே மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தாவியிருக்கக்கூடும். இரண்டு சிம் அமைப்பில், டேட்டாவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற அனுமதிக்கும் விசை ஒன்று உண்டு; அதை அணையுங்கள். சொந்த நாட்டு எண்ணில் டேட்டா ரோமிங்கையும் அணையுங்கள். ஆனால் அந்த எண்ணையே அணைத்துவிடாதீர்கள், ஓடிபி வராது. அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்தால் பல நிறுவனங்கள் ரோமிங் கட்டணம் வசூலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் நிறுவனத்திடம் ஒரு முறை கேட்டுத் தெளிந்துகொள்வதும் நல்லது. உள்ளூர் இ-சிம் பயணிகளுக்கென்று விற்கப்படும் வகையாக இருந்தால், அதில் மட்டும் டேட்டா ரோமிங்கை இயக்கியே வைக்க வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் கணக்கில் ஓடுவது.

இதோடு இன்னொன்று: செலவுக்குப் பயந்து இ-சிம்மைக் கைபேசியிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்கலாம் என்று எண்ணாதீர்கள். அதைச் சேர்க்கப் பயன்பட்ட கியூஆர் குறியீடு பெரும்பாலும் ஒரு முறைக்கு மேல் வேலை செய்யாது. தற்காலிகமாக நிறுத்த வேண்டுமென்றால் நீக்காமல் அணைத்து வையுங்கள். ஏற்கெனவே நீக்கியிருந்தால், கைபேசி அமைப்புகளில் உள்ள, இ-சிம் சிப்பை அடையாளம் காட்டும் 32 இலக்க இஐடி எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்திடம் புதிய குறியீடு கேளுங்கள்; அதை இறக்குவதற்கு வைஃபை வேண்டும்.