வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லையா? முதலில் அந்தச் சின்ன வலையைக் கழற்றுங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மேலே துணி போடும் முழு தானியங்கி வாஷிங் மெஷின் வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மாதமாகத் தண்ணீர் நிரம்பவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பல நாள் பாதியிலேயே நின்று கூவுகிறது. வந்து பார்த்தவர், தண்ணீரைத் திறந்து மூடும் வால்வும் மெஷினை இயக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டும் போய்விட்டன, இரண்டையும் மாற்ற 5,500 ரூபாய் ஆகும் என்றார். கறுப்புத் துணிகளில் வெள்ளைத் திட்டும் படிகிறது. வேறு வழி உண்டா?

பதில்: பணத்தை இப்போதே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. தண்ணீர் உரிய மட்டத்துக்கு வரவில்லை என்று கண்டு, நேரத்தை எண்ணி, கூவி நிறுத்துகிற போர்டு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. வால்வை இயக்கும் கம்பிச்சுருளான 'காயில்' எரிந்திருந்தால் ஒரு சொட்டும் உள்ளே வராது. உங்கள் மெஷினில் வருகிறது, மெதுவாக வருகிறது. வழியில் ஏதோ அடைத்திருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள்.

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. குழாயை மூடி, மெஷினின் பின்னால் ஹோஸ் சேரும் இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்து, மரையைக் கையால் திருகிக் கழற்றுங்கள். உள்ளே வால்வின் வாயில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வலை தெரியும். அதன் நடுவில் பிடித்து இழுப்பதற்கென்றே சிறு முனை இருக்கும். மூக்குக் குறடால் மெல்லப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

நம் பக்கத்து வீடுகளில் நான் கழற்றிய வலைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணிகளுக்கு நடுவே செம்மண் நிறத்தில் நுண்மணல், அதன்மேல் வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்பைப்போல ஒரு வெள்ளைப் பொருக்கு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நான்கைந்து ஓட்டைகள் வழியாகத்தான் ஒளி வரும். அவ்வளவு ஓட்டை வழியாகத்தான் மெஷின் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து, வலையை அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். நுரைத்துக்கொண்டு பொருக்கு கழலும். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, இருந்தபடியே பொருத்துங்கள். ஊசியால் குத்த வேண்டாம், வலை கிழிந்துவிடும். வலையில்லாமலும் ஓட்டாதீர்கள். சிலர் 'இது இருந்தால்தானே அடைக்கிறது' என்று எறிந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மணல் நேரே வால்வுக்குள் போய், உண்மையிலேயே வால்வை மாற்ற வைத்துவிடும். ஹோஸின் மறுமுனையில், குழாய்ப் பக்கத்து வாஷரிலும் சில மாடல்களில் ஒரு வலை உண்டு. அதையும் பாருங்கள். மரையைத் திருப்பி முடுக்கும்போது கைப்பிடி இறுக்கமே போதும். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும்.

ஹோஸை மாட்டும் முன் அதன் முனையை ஒரு வாளியில் விட்டுக் குழாயை முழுவதும் திறந்து பாருங்கள். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தை ஒட்டி நிரம்பினால் வரத்தில் குறையில்லை. இரண்டு மூன்று நிமிடம் இழுத்தால் குறை மெஷினுக்கு வெளியே இருக்கிறது. ஹோஸ் சுவரோடு மடங்கியிருக்கலாம், குழாயின் உள்விட்டம் உப்பால் சுருங்கியிருக்கலாம், தொட்டி தாழ்வாக இருக்கலாம்.

தொட்டியின் உயரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வால்வின் காயில் தண்ணீரைத் திறப்பதில்லை. அது உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வின் நடுவே ஓர் ஊசித்துளையை மட்டும் திறக்கிறது. அதன்பின் தண்ணீரின் அழுத்தமே சவ்வைத் தூக்கி வழிவிடுகிறது. அழுத்தம் இல்லையென்றால், நல்ல வால்வும் பாதிதான் திறக்கும். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம். கூரைமேல் தொட்டியும் தரைத்தளத்தில் மெஷினும் இருந்தால், மூன்று மீட்டருக்கு 0.3 பார் கிடைக்கும். பல மெஷின்களுக்கு அது ஓரளவு போதும். மொட்டை மாடியில் தொட்டிக்குப் பக்கத்திலேயே மெஷினை வைத்தால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் அச்சிட்டிருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தண்ணீர் ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டிரம்மில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வு போனது உறுதி, சவ்வு மூடவில்லை. ஒரு சொட்டும் வராவிட்டால், பிளக் கழன்ற நிலையில் காயிலை மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக 3,000 முதல் 5,000 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எரிந்துவிட்டது. வால்வை மட்டும் மாற்றி, பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் திட்டுக்கும் இதே தண்ணீர்தான் காரணம். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றதும் எல்லோருக்கும் ஃபுளோரைடுதான் நினைவுக்கு வரும்; 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும். மெஷினைக் கெடுப்பது போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும். இவை தண்ணீருக்குத் தருவதுதான் கடினத்தன்மை; குடிநீருக்கான இந்தியத் தர அளவில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். கரைந்த உப்புகளை மொத்தமாக அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. சலவை சோப்பைச் சீவி ஒரு பாட்டில் போர் தண்ணீரிலும் ஒரு பாட்டில் மழைநீரிலும் போட்டுக் குலுக்குங்கள். மழைநீர் நுரைக்கும், போர் தண்ணீர் திரிதிரியாகக் கலங்கும். அதைப் போன்ற படிவுதான் உங்கள் கறுப்புத் துணியில் ஒட்டுகிறது. பவுடரை விட்டுத் திரவ டிடெர்ஜென்ட்டுக்கு மாறுங்கள், ஓர் அலசலைக் கூட்டுங்கள். ஒகேனக்கல் தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி, ஐப்பசி மழையைக் கூரையிலிருந்து பிடித்துத் துணிக்கு எடுத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

டிரம்மின் படிவுக்கு, துணியில்லாமல் கை பொறுக்கும் வெந்நீரும் 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டும் விட்டுச் சுழலவிட்டு, ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துப் பிறகு இருமுறை அலசுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். கழிப்பறை ஆசிட்டை ஊற்றவே கூடாது; ஸ்டீல் டிரம்மை அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் கலக்காதீர்கள், அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று: சமீபத்தில் போர் மோட்டாரை மேலே ஏற்றி இறக்கினீர்களா? அப்படியானால் அடிமண் கலங்கித் தொட்டிக்குள் வந்திருக்கும். மெஷின் குழாயை மூடிவிட்டுத் தொட்டியைக் கழுவுங்கள்; வேறொரு குழாயில் தெளிந்த தண்ணீர் வரும்வரை திறந்துவிட்டு, அதன் பிறகு மெஷினுக்குத் திறங்கள்.