ரிக் வாங்கும் முன் ஆன்டெனா: ஹாம் ரேடியோ கேள்வி பதில்

எங்கள் வட்டார ஹாம் வகுப்புக்கு வந்தவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்தவையும், அதன் பிறகு வாட்ஸ்அப்பில் வந்தவையுமாகச் சேர்ந்த கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்தான் ஹாம். அனுப்பவும் கேட்கவும் செய்யும் அவருடைய ரேடியோ பெட்டிதான் ரிக்.

திருச்சி, பொறியியல் மாணவி: ஒரே பெட்டி பேசவும் செய்கிறது, கேட்கவும் செய்கிறது. அனுப்பும் சக்தி ரிசீவரைச் சுட்டுவிடாதா சார்? உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை அம்மா. மைக்கில் இருக்கும் பிடிடி பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு ரிலே டிக் என்று மாறும். அதுவரை ரிசீவரோடு சேர்ந்திருந்த ஆன்டெனா டிரான்ஸ்மிட்டர் பக்கம் போய்விடும். பொத்தானை விட்டால் பழையபடி திரும்பும். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்வது இதற்காகத்தான்.

நீங்கள் பயப்பட்டதில் நியாயம் இருக்கிறது. 100 வாட் ரிக், 50 ஓம் ஆன்டெனாவுக்கு அனுப்பும்போது கேபிளில் சுமார் 70 வோல்ட் இருக்கும். அதே கேபிள் வழியாக எங்கிருந்தோ வந்து இறங்கும் சிக்னல் ஒரு மைக்ரோவோல்ட்தான், பல சமயம் அதற்கும் கீழே. ஏழு கோடி மடங்கு வித்தியாசம்! இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் ஒன்றையொன்று தொடாமல் வைத்திருப்பதில்தான் வடிவமைப்பவரின் திறமை தெரியும்.

உள்ளே பார்க்க ஆசையென்றால் ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் 40-இன் சர்க்யூட்டை எடுத்துப் பாருங்கள். உலகம் முழுக்க ஹாம்கள் கட்டிப் பழகிய வடிவமைப்பு அது. ஆன்டெனாவிலிருந்து வரும் 7.1 மெகாஹெர்ட்ஸ் சிக்னலோடு, உள்ளேயே அலை உண்டாக்கும் ஆசிலேட்டரின் 4.9 மெகாஹெர்ட்ஸைக் கலக்கிறார்கள். கூட்டினால் 12. அந்த 12 மெகாஹெர்ட்ஸில், வேண்டிய சிக்னலை மட்டும் விடும் ஒரு கிரிஸ்டல் ஃபில்டர் காத்திருக்கும். அதைத் தாண்டி வந்ததை இன்னொரு 12 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரோடு கலந்தால் குரல் வெளியே வந்துவிடும்.

பேசும்போது அப்படியே தலைகீழ். மைக்கின் குரல் 12 மெகாஹெர்ட்ஸில் ஏறி, அதே ஃபில்டர் வழியாகப் போய், 4.9-ஐக் கழித்துக்கொண்டு 7.1-ஆக இறங்கி, பவர் ஆம்ப்ளிஃபையர் வழியாக ஆன்டெனாவுக்குப் போகிறது. ஒரே ஃபில்டர், அதே மிக்சர்கள், இரண்டு பக்கமும் வேலை செய்யும் ஆம்ப்ளிஃபையர்கள். டிரான்ஸீவர் என்று ஒரே பெயரில் சொல்வதன் அர்த்தம் அந்த போர்டில் கண்ணுக்கு முன்னால் தெரியும். கடைசி டிரான்சிஸ்டர் ஐஆர்எஃப்510, விலை அதிகமில்லை. வெளிவரும் சக்தி சுமார் 7 வாட். அதை வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே மாணவி: எதற்கு 12-க்குக் கொண்டு போக வேண்டும்? 7.1-இலேயே ஃபில்டர் போட்டால் ஆகாதா?

நல்ல கேள்வி. ஹாம்கள் குரல் அனுப்பும் எஸ்எஸ்பி முறையில் ஒரு நிலையம் எடுத்துக்கொள்ளும் அகலம் சுமார் 2.5 கிலோஹெர்ட்ஸ். 7,100 கிலோஹெர்ட்ஸில் 2.5-ஐ மட்டும் பிரித்தெடுக்க வேண்டுமென்றால், கிட்டத்தட்ட 2,800-இல் ஒரு பங்கு. காயிலும் கண்டென்சரிலும் அவ்வளவு கூர்மை கிடைக்காது. கிரிஸ்டலில் கிடைக்கும், ஆனால் கிரிஸ்டல் தன் இடத்தைவிட்டு நகராது. நீங்கள் டயலைத் திருப்பும்போதெல்லாம் ஃபில்டரும் கூடவே நகர வேண்டுமே! அதனால் ஃபில்டரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, சிக்னலை அதன் வாசலுக்குக் கொண்டுவருகிறோம். 1918-இல், முதல் உலகப்போர் சமயத்தில், பாரிஸில் இருந்த அமெரிக்க ராணுவ அதிகாரி எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் யோசித்த வழி இது. சூப்பர்ஹெட்டரோடைன் என்று பெயர். உங்கள் வீட்டுப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருக்கும் 455 கிலோஹெர்ட்ஸ் காயில்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. 16.9 மெகாஹெர்ட்ஸில் யாராவது பேசினால், அதிலிருந்து 4.9-ஐக் கழித்தாலும் 12 வந்துவிடும். இதை இமேஜ் என்போம். அதைத் தடுக்கத்தான் முன்வாசலில் ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர். பழைய செட்டைப் பழுதுபார்க்கும்போது அந்த முன் ஃபில்டரை அலட்சியம் செய்யாதீர்கள்.

கோயம்புத்தூர், ஐ.டி. ஊழியர்: பட்ஜெட் 50,000 ரூபாய். 100 வாட் ரிக்தான் வேண்டுமா, 5 வாட் போதுமா?

எவ்வளவு பணம் இருந்தாலும் முதலில் ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் ஒதுக்குங்கள், மிச்சத்தில் ரிக். இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

5 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் 13 டெசிபெல் கூடும். எதிர்முனையில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் அது இரண்டு கோட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எஸ்5-இல் கேட்ட உங்கள் குரல் எஸ்7-இல் கேட்கும். கூச்சல் நிறைந்த இரவில் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்பதில் அந்த 100 வாட்டால் துளிக்கூடப் பயன் இல்லை. நல்ல ஆன்டெனா போகும் சிக்னலையும் வரும் சிக்னலையும் சேர்த்தே உயர்த்தும்.

கேபிளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டர் போட்டால் சுமார் 6 டெசிபெல் வழியிலேயே போய்விடும். அதாவது நான்கில் மூன்று பங்கு சூடாகக் கரைந்துவிடும். அதே நீளத்துக்குத் தடித்த ஆர்ஜி-213 கேபிள் போட்டால் பாதிக்குமேல் ஆன்டெனாவைச் சேரும். 7 மெகாஹெர்ட்ஸில் இவ்வளவு மோசமில்லை, ஆர்ஜி-58 தாராளமாகப் போதும்.

பழைய ரிக் வாங்குவதானால் விற்பவர் வீட்டிலேயே டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) போட்டு எல்லா பேண்டிலும் பவர் வருகிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டில் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு இரைச்சல் குறைகிறதா என்று கேளுங்கள். இன்று நகரத்தில் ஹாம்களுக்குப் பெரிய எதிரி இவற்றுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் மின்சுற்றின் இரைச்சல்தான்.

ஈரோடு: ரிக் எல்லாமே 13.8 வோல்ட் கேட்பது ஏன்? நான் பேசும்போது மட்டும் செட் ஆஃப் ஆகி ஆன் ஆகிறது.

கார் ஓடும்போது அதன் பேட்டரி இருக்கும் வோல்ட்டேஜ் அது. உங்கள் பிரச்சினை ஒயரில் இருக்கும். 100 வாட் ரிக் பேசும்போது 20 ஆம்பியர் இழுக்கும். ஒயரிலும் ஃபியூஸ் ஹோல்டரிலும் சேர்ந்து 0.1 ஓம் இருந்தால் போதும், 2 வோல்ட் காணாமல் போகும். தடித்த, குட்டையான ஒயர் போடுங்கள். ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அங்கேதான் கோளாறு.

மதுரை: வீட்டு மொட்டை மாடி 12 மீட்டர்தான். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் ஆன்டெனா வேண்டும் என்கிறார்கள். வழி உண்டா ஐயா?

தாராளமாக உண்டு. இன்வெர்ட்டட் வி கட்டுங்கள். நடுவில் ஒரு ஜிஐ பைப், ஆறேழு மீட்டர் உயரம். அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் ஒயர் சரிந்து இறங்கும். மாடியின் மூலைக்கு மூலை போட்டால் நீளம் கூடுதலாகக் கிடைக்கும். கைப்பிடிச் சுவருக்கு வந்த பிறகும் ஒயர் மிச்சமிருந்தால் நைலான் கயிற்றில் கட்டிச் சுவரோரமாக மடக்கி இழுத்துவிடலாம். நுனியில் ஒரு மீட்டர் மடங்குவதால் குடி முழுகிப் போகாது.

கணக்கு இப்படி: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.1 மீட்டர், ஒரு கைக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். ஆனால் வெட்டும்போது 10.3 மீட்டராக வெட்டுங்கள். மேலே ஏற்றி எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) பாருங்கள். மிகக் குறைவான இடம் 6.94 பக்கம் விழும். இறக்கி, இரண்டு கையிலும் பத்துப் பத்து சென்டிமீட்டராகக் குறையுங்கள். ஒயரை வெட்ட வேண்டாம், நுனியைத் தன்மேலேயே திருப்பி முறுக்கிவிடுங்கள். 20 சென்டிமீட்டர் தாண்டும்போது 7.1-ஐ நெருங்கியிருப்பீர்கள். கைப்பிடிச் சுவரில் இருக்கும் கம்பி, பக்கத்து வீட்டுத் தகரக் கூரை எல்லாம் இதைக் கொஞ்சம் நகர்த்தும், பதற வேண்டாம். எஸ்டபிள்யூஆர் 1.5 வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். 2 இருந்தால்கூடத் திரும்பி வருவது 11 சதவீதம்தான். 1.0 வரும்வரை ஏறி இறங்கி முட்டியைத் தேய்த்துக்கொள்ளத் தேவையில்லை. 3-ஐத் தாண்டினால் மட்டும் ரிக்கை ஓட்டாதீர்கள்.

கோஆக்ஸ் கேபிள் ஆன்டெனா ஒயரைச் சேரும் இடத்தில் கேபிளையே பத்துச் சுற்று சுற்றி ஒரு சோக் (கேபிளின் வெளிப்புறம் வழியாக ரேடியோ சக்தி திரும்பாமல் தடுக்கும் சுருள்) ஆக்கிவிடுங்கள். அந்தச் சாலிடர் இணைப்பில் சாதாரண இன்சுலேஷன் டேப் மட்டும் ஒட்டாதீர்கள். சித்திரை வெயிலில் பசை உருகும், ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே போகும். பின்னல் செம்பு பச்சையாகிவிட்டால் அந்தக் கேபிளை வெட்டியெறிவதைத் தவிர வேறு வழியில்லை. தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, அதற்குமேல் பிவிசி டேப் சுற்றுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தெருவில் போகும் மின்கம்பிக்குப் பக்கத்தில் பைப்பை நிமிர்த்தாதீர்கள். பைப் சாய்ந்தால் எங்கே விழும் என்று முதலில் தரையில் அளந்து பாருங்கள். கம்பியில் விழ வாய்ப்பு இருந்தால் அந்த இடமே வேண்டாம். இடி மழை வரும் அறிகுறி தெரிந்தால், அது நெருங்கும் முன்பே கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணம்: பகலிலை 7 மெகாஹெர்ட்ஸிலை தமிழ்நாட்டுக்காரர் பக்கத்து வீட்டிலை நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்கினம். நடுச்சாமத்துக்குப் பிறகு அவையைக் காணேல்லை, தூர நாடுகள்தான் வருகுது. ஏன் அண்ணை?

பகலில் உங்கள் சிக்னல் கிட்டத்தட்ட நேர் மேலே போய், அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கில் பட்டு மழைபோல் கீழே இறங்குகிறது. மதுரை, சென்னை எல்லாமே அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். தூர நாட்டுச் சிக்னல்கள் சாய்வாக நீண்ட தூரம் வரும்போது கீழே இருக்கும் டி அடுக்கு அவற்றை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கலைந்துவிடும், தூரம் திறக்கும். இரவு ஏற ஏற எஃப் அடுக்கும் மெலியும். ஒரு கட்டத்தில் நேர் மேலே போகும் 7 மெகாஹெர்ட்ஸை அதனால் திருப்ப முடியாது, துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். சாய்வாகப் படுவது மட்டும் திரும்பும். அதனால் அருகில் இருப்பவர் காணாமல் போய், தொலைவில் இருப்பவர் வருகிறார்.

நம் பக்கம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இந்த அடுக்குகளின் போக்கே தனி. 1963-இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்குக் காரணமே அந்தக் கோடு அங்கே போவதுதான். ஒரு நோட்டில் நேரம், பேண்ட், யாருடைய குரல் கேட்டது என்று எழுதிக்கொண்டு வாருங்கோ. ஒரு வருடத்தில் உங்கள் ஊர் வானம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

நாகப்பட்டினம், விசைப்படகு உரிமையாளர்: எங்கள் படகில் விஎச்எஃப் செட் இருக்கிறது. அதுவும் ஹாமும் ஒன்றா? எவ்வளவு தூரம் எடுக்கும்?

உள்ளே இருக்கும் வேலை ஒன்றுதான், சட்டம் வேறு. உங்களுடையது கடல் பேண்ட். ஆபத்துக்கான 16-ஆவது சானல் 156.8 மெகாஹெர்ட்ஸ். ஹாமுக்கு இந்தியாவில் 144 முதல் 146 வரை. ஒருவர் மற்றவர் இடத்தில் பேசக்கூடாது.

தூரத்தை முடிவு செய்வது ஆன்டெனாவின் உயரம். உயரம் மீட்டரில் எவ்வளவோ அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்குங்கள், இரண்டு முனைக்கும் சேர்த்துக் கூட்டுங்கள். படகில் 4 மீட்டர் உயரம் என்றால் 8 கிலோமீட்டர். படகுக்குப் படகு 16. கரையில் 36 மீட்டர் டவர் இருந்தால் 33 கிலோமீட்டர். வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை ஒரு மீட்டர் உயர்த்துங்கள் அண்ணே. அடியில் உப்புப் பூத்த கனெக்டரையும் மாற்றுங்கள்.

சேலம்: ரிப்பீட்டர் எப்படி ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே பேசுகிறது? ரிலே மாறினால்தானே என்றீர்கள்?

கச்சேரியில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கடைசி வரிசையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க வேண்டும். வந்த பேச்சை வாங்கி உடனே மறுபடி அனுப்பும் நிலையமான ரிப்பீட்டரின் நிலைமை அதுதான். 2 மீட்டர் பேண்டில் (144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ்) அது கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். அந்தச் சின்ன இடைவெளியில் பிரித்துக்கொடுப்பது டியூப்ளெக்சர். உயரமான உலோகக் குழாய்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய அலைவரிசையை விட்டு மற்றதை அடைக்கும்படி திருகி வைக்கப்பட்டிருக்கும். அதைத் தெரியாமல் யாராவது திருகினால் மறுபடி சரிசெய்ய முழு நாள் வேண்டும்.

மலைமேல் வைப்பதன் பலனைப் படகுக் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள். ஏற்காடு மாதிரி 1,500 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானமே சுமார் 160 கிலோமீட்டர். கையில் 5 வாட் செட் வைத்திருப்பவர் மாவட்டம் தாண்டிப் பேசுவது இப்படித்தான்.

சென்னை, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம்: மலிவு சீன வாக்கி டாக்கி வாங்கிக் காவலாளிகளுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. பாவோஃபெங் யுவி-5ஆர் போன்றவை ஹாம் பேண்டிலும், போலீஸ் மற்றும் பிற சேவைகள் இருக்கும் இடத்திலும் பேசிவிடும். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். ஹாம் உரிமம் இருந்தாலும் காவல் வேலைக்குப் பயன்படுத்த முடியாது. உங்களுக்கென்றே 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட்டுக்குள், உரிமம் தேவையில்லாத வாக்கி டாக்கிகள் இருக்கின்றன. அனுமதி பெற்ற செட்டா என்று பில்லோடு பார்த்து வாங்குங்கள்.

பலர்: செல்போன் காலத்தில் இது எதற்கு?

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி அறுந்தது. அதே ரிக், அதே ஆன்டெனாவை வைத்துக்கொண்டு தீவுகளிலிருந்து செய்திகளை நிலப்பகுதிக்கு அனுப்பினார்கள். டவர், ஃபைபர், சர்வர் எதுவும் நடுவில் வேண்டாம், ஒரு கார் பேட்டரியும் ஒரு ஒயரும் போதும். அதற்குப் பழகிய ஆட்கள் முன்கூட்டியே இருக்க வேண்டும். புயல் வந்த பிறகு கையேட்டைப் புரட்ட முடியாது.

தஞ்சாவூர், ஏழாம் வகுப்பு மாணவன்: எனக்கு 12 வயது. விண்வெளி நிலையத்தைக் கேட்க முடியுமா?

முடியும் தம்பி. ஹாம் பரீட்சை எழுதக் குறைந்தபட்ச வயதே 12தான், இப்போதே படிக்கத் தொடங்கலாம். பாஸ் செய்து உரிமம் வாங்கினால் உன் அழைப்புக்குறி 'விக்டர் யூனிஃபார்ம்', அதாவது VU என்று ஆரம்பிக்கும்.

சர்வதேச விண்வெளி நிலையம் பள்ளி மாணவர்களோடு பேசும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில், எஃப்எம்-மில் வரும். அதிலிருக்கும் ரிப்பீட்டரின் குரல் 437.800-இல் வரும். கம்ப்யூட்டரில் செருகும் எஸ்டிஆர் டாங்கிள் (சின்ன ரேடியோ ரிசீவர்) ஒன்றும், அரை மீட்டர் நீள ஒயரும் போதும். நிலையம் உன் ஊருக்கு மேல் எப்போது வரும் என்று சொல்லும் செயலியை அப்பாவின் போனில் போட்டுக்கொள். தலைக்கு நேர் மேலே வரும் நாளைத் தேர்ந்தெடு, சுமார் பத்து நிமிடம் கிடைக்கும். நிலையம் மிக வேகமாக நகர்வதால் அலைவரிசை கொஞ்சம் மாறித் தெரியும். அதனால் 437.800-ஐக் கேட்பதானால் அது கிட்டே வரும்போது 437.810-இல் ஆரம்பி, உச்சிக்கு வரும்போது 437.800-க்கு வா, விலகிப் போகும்போது 437.790-க்கு இறக்கு. என்ன கேட்டாய் என்று தேதி, நேரத்தோடு எழுதி எனக்கு அனுப்பு.